கேபி சாரின் எடை

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்று சொன்னவர்கள் எங்கள் கேபி சாரைப் பார்த்ததில்லை. அவர் முதலில் பூசணிக்காயைச் சுருக்கிவிடுவார்.

மைசூரில் ஒரு விவசாய பம்பு கம்பெனி. பம்போடு போகும் கையேடுகளைத் தயாரிக்கும் பிரிவில் அவர் சீனியர், நான் புதுசு. கணினியில் எந்தக் கோப்பின் அளவும் எம்பியைத் தொடக்கூடாது, கேபியிலேயே நிற்க வேண்டும் என்பது அவர் மதம். அதனால் அந்தப் பெயர். இயற்பெயர் சம்பளப் பிரிவுக்கு மட்டும் தெரியும்.

படங்களை அவர் இளைக்க வைத்த இளைப்பில், ஒரு விவசாயி போன் செய்து, "சார், மூணாம் பக்கத்துல இருக்கறது மோட்டாரா, படுத்திருக்கிற எருமையா?" என்று கேட்டார். கேபி சார் அசரவில்லை. "எருமைன்னு தெரியுதுல்லீங்க? அப்பப் படம் தெளிவாத்தான் இருக்குது."

மின்னஞ்சலில் 'வணக்கம்' போடமாட்டார், கனமாம். என் பிறந்தநாளுக்கு அவர் அனுப்பிய கேக் படம் நான்கு பழுப்புச் சதுரங்கள். எது செர்ரி என்று இன்றுவரை தெரியாது.

"இத்தனை சுருக்கி யாருக்கு சார் லாபம்?" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"ராமாபுரத்து டீலர் மலையோரத்துல ஒத்தப் புள்ளி சிக்னல்ல உக்காந்திருக்காரு கண்ணு. நீ அனுப்புற யானை அங்க எறங்கறதுக்குள்ள கெணத்துத் தண்ணி வத்திரும்."

புது பம்பு வந்தது. கையேடு என் பொறுப்பு. சரியாக முடித்தால் வேலை நிரந்தரம், இல்லையென்றால் டாட்டா என்றார் மேனேஜர் மேடம். பாகம் பாகமாக போனில் நானே படம் எடுத்தேன். வெயிலில் பம்பு பளபளத்துக் கண்ணைக் கூச வைத்ததால், கேபி சார் கூடவே நின்று குடை பிடித்தார். படங்களைக் கையேட்டில் ஒட்டிய பிறகு, குடையையும் அவரையும் வெட்டி, பம்பை மட்டும் தபால்தலை அளவுக்கு விட்டேன்.

அனுப்ப வேண்டிய நாளில் பார்த்தால் கோப்பு நாற்பது எம்பி! மின்னஞ்சல் அதை வாங்க மறுத்தது. சாயங்காலத்துக்குள் டீலருக்குப் போயாக வேண்டும்.

"படமெல்லாம் சுண்டுவிரல் அளவுதான். எழுத்துதான் கனம்" என்று தீர்ப்பளித்த கேபி சார், 'தயவுசெய்து'களைப் பிடுங்க ஆரம்பித்தார். அடுத்து முற்றுப்புள்ளிகளைக் களையெடுத்தார். கோப்பு அசையவில்லை. அவருக்கு வேர்த்துவிட்டது.

"ஆயித்தா? முடிஞ்சுதா இல்லையா?" என்று மேடம் வாசலில் வந்து நின்றார்.

சும்மா இருக்காத என் விரல், வால்வு படத்தைத் தொட்டு, பழையபடி ஆக்கும் 'ரீசெட்'டை அழுத்தியது. திரை முழுக்கக் குடையோடு கேபி சார்! அடுத்த படத்தில் கொட்டாவி விடும் கேபி சார். அதற்கடுத்ததில் வடையோடு கேபி சார். நான் வெட்டியது எதுவும் வெளியே போகவில்லை. எல்லாம் கோப்புக்குள்ளேயே ஒளிந்திருந்தது. ஊர் எடையை எல்லாம் குறைத்தவர்தான் அந்த நாற்பது எம்பி.

"நானா?" என்றார், குரலும் கேபிக்கு இறங்கி. பிறகு மேடத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அழிச்சிரு கண்ணு. என்ன யோசனை? உன் வேலையாச்சே" என்றார்.

மறுபடி வெட்டி, வெட்டியதை நிரந்தரமாக நீக்கும் கட்டளையைக் கொடுத்தேன். குடையோடு ஒருவர், கொட்டாவியோடு ஒருவர், வடையோடு ஒருவர் என்று கேபி சார்கள் வரிசையாக மறைந்தார்கள். கோப்பு இளைத்து, மலையோரம் போய்ச் சேர்ந்தது. டீலர் கட்டைவிரலை உயர்த்தினார், மேடம் கையெழுத்துப் போட்டார். அவசரத்தில் 'தயவுசெய்து'களைத் திரும்பப் போட மறந்தோம். அந்தப் பம்பு மட்டும் இன்னும் விவசாயிகளை அதட்டிக்கொண்டிருக்கிறது.

கேபி சார் ஓய்வு பெற்றுக் கொள்ளேகால் போய்விட்டார். டீலர்களுக்குப் போவதெல்லாம் இளைத்த பிரதிதான். என் கணினியில் இருக்கும் பிரதி மட்டும் ஏன் சற்றுக் கனமாக இருக்கிறது என்று புதிதாக வந்தவர்கள் கேட்கிறார்கள். அதில் வால்வு படத்தை மட்டும் போனிலிருந்து மறுபடி ஒட்டி வெட்டினேன், வெட்டியதை நீக்கவில்லை. அந்த வால்வுக்குப் பக்கத்தில், கண்ணுக்குத் தெரியாமல், ஒருவர் இன்னும் எனக்காகக் குடை பிடித்துக்கொண்டு நிற்கிறார்.