இயற்கையை மிஞ்சிய மதியம்

அரைகுறைப் படிப்புக்கு அடக்கம் கிடையாது. எனக்கு அந்த வயதில் படிப்பு அரைகுறை, வாய் மட்டும் முழுசு.

திருப்பதியில் எம்.எஸ்சி. முடித்த கையோடு ஒரு தடுப்பூசி நிறுவனம் ஆன்லைன் நேர்காணலுக்கு அழைத்தது. மருந்து மூலக்கூறுகளின் ஆற்றலைக் குவாண்டம் கணினியில் கணக்கிடும் வேலை. நைனா அதற்குள், "எம்புள்ள கம்ப்யூட்டர்லயே ஊசி கண்டுபுடிக்கப் போறான்" என்று வடமாலபேட்டை முழுக்கச் சொல்லிவிட்டார். (படிப்பில் நான் கணக்கிட்டிருந்தது ஹைட்ரஜனை. இரண்டே அணு. அதற்கும் தடுப்பூசிக்கும் எறும்புக்கும் ஏழுமலைக்கும் உள்ள தூரம்.) வேலை கிடைக்காவிட்டால் மாமாவின் கோழித்தீவனக் கடையில் உட்கார வேண்டும் என்பது ஏற்பாடு.

நேர்காணல் மதியத்தில் லேப்டாப்புக்குப் பின்னால் நைனா, அம்மா, அக்கா மூவரும் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தார்கள். கேள்வி கேட்டவர் சித்தூர்க்கார விஞ்ஞானி அம்மா ஒருவர். என் ஹைட்ரஜன் ஆற்றல் வரைபடத்தைக் காட்டினேன்.

இந்தக் கணக்கில் விதி ஒன்றுதான். மூலக்கூறின் உண்மையான அடிமட்ட ஆற்றலை நம் விடை நெருங்கலாம். அதற்குக் கீழே போகவே முடியாது. கிணற்றில் விட்ட வாளி தரையோடு நிற்பது போல. என் வாளி தரையைத் துளைத்துக்கொண்டு போயிருந்தது. மூளை உள்ளவன் பிழையைத் தேடியிருப்பான். நான் நெஞ்சை நிமிர்த்தினேன்.

"மேடம், என் விடை நிஜ மதிப்பவிட கீழ போயிருக்கு. இயற்கையையே மிஞ்சிட்டேன்!"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "அடிக்கும் கீழ எப்படிப்பா போன? ரெண்டு அணுக்கருவும் ஒன்ன ஒன்னு தள்ளுமே, அந்த ஆற்றலக் கூட்டினியா?"

கூட்டவில்லை. பள்ளிக்கூடத்துக் கூட்டல். மறந்தே போயிருந்தேன், முட்டாள்.

நைனாவுக்குப் பொறுக்கவில்லை. திரைக்குள் தலையை நீட்டினார். "கீழ போனா நல்லதுதானேம்மா? எனக்கு சுகர் கீழ போனா டாக்டரே சந்தோசப்படறாரு!"

"மைனஸ்ல போச்சுன்னா என்ன சொல்வாருங்க?"

நைனா யோசித்தார். "ஆள் போய்ட்டான்னு சொல்லுவாரு."

"உங்க பையன் ஹைட்ரஜனுக்கு அதுதான் ஆச்சு" என்றார் அந்த அம்மா. அழைப்பு முடிந்தது. அக்கா தரையில் உருண்டு சிரித்தாள். நான் லேப்டாப்பை மூடினேன்.

கொஞ்ச காலம் கோழித்தீவனம் எடைபோட்டேன், மாமா திட்டத் திட்ட. பிறகு கல்லூரி வாத்தியார் ஆனேன். வீட்டில் மரியாதை மட்டும் ஏறவே இல்லை. போன வாரம் கேஸ் தீர்ந்துவிட்டது. அடுக்களையிலிருந்து அக்கா கத்தினாள்.

"டேய், சிலிண்டர் காலிடா. நீ வந்து டீ போடு. உனக்குத்தான் காலிக்கும் கீழ கொஞ்சம் இருக்குமே!"