தங்கராஜு பிறந்ததற்கு அத்தாட்சி

மனிதன் தாய் வயிற்றில்தான் பிறக்கிறான் என்று இன்னும் நம்பிக்கொண்டிருக்கிற அப்பாவிகள், 2603-ஆம் வருஷம் எங்கள் கேமரன் மலைக்கு வந்து, டவுனில் இருந்த பதிவு ஆபீசில் ஒரு தடவையாவது கைகட்டி நின்றிருக்க வேண்டும். மனிதன் ஆபீசில்தான் பிறக்கிறான். தாய் செய்வதெல்லாம் வெறும் பூர்வாங்க வேலை.

2603 என்றதும் பயந்துவிடாதீர்கள். வெள்ளைக்காரன் கணக்கில் அது 1943. ஜப்பான்காரர்கள் மலையேறி வந்ததும் எங்களுக்கு அறுநூற்று அறுபது வருஷத்தை ஒரேயடியாக இனாமாகக் கொடுத்தார்கள். அரிசி கொடுக்க முடியாதவர்கள் வருஷத்தையாவது கொடுத்தார்களே, அந்தப் பெரிய மனசை நான் குறை சொல்ல மாட்டேன். கடிகாரத்தையும் தோக்கியோ நேரத்துக்குத் திருப்பி வைத்தார்கள். ஆகவே மலையில் பனி விலகுவதற்கு முன்பே ஆபீஸ் திறந்துவிடும். வேலை எப்போது தொடங்கும் என்பது வேறு விஷயம். அது தோக்கியோவுக்கே தெரியாது.

நான் ஆர்தர். தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸர். ஆஸ்பத்திரி என்றால் நான்கு கட்டில், மருந்து தீர்ந்துபோன அலமாரி, அப்புறம் நான். ஒரு நாள் காலையில் வேலாயி கொழுந்துக் கூடையை முதுகிலிருந்து இறக்காமலேயே ஓடி வந்தாள். மலேரியாவில் புருஷனைப் பறிகொடுத்தவள். அவளுக்கென்று மிச்சமிருந்தது ஒரே மகன், தங்கராஜு.

"டிரஸ்ஸரையா, காலையில ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுல எம்மவன் பேர வாசிச்சுட்டாங்க. சயாம் ரயிலு வேலைக்குப் போவணுமாம், போனவன் ஒருத்தனும் திரும்பலியே. வெள்ளிக்கெழம தோட்டத்துக்கு லோரி வருதாம்."

"பதினெட்டு முடிஞ்சவங்களத்தானே கேட்டிருக்காங்க? அவனுக்குப் பதினஞ்சுதானே வேலாயி?"

"செக்ரோல்ல பதினெட்டுன்னு இருக்குங்களே!"

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் தோட்டத்தில் வயசைத் தீர்மானிப்பது கடவுள் அல்ல, கங்காணி. அப்பன் செத்தபோது தங்கராஜுவுக்குப் பத்து வயசு. பத்து வயசுப் பையனுக்குச் செக்ரோலில், அதாவது கூலிக் கணக்கு ஏட்டில், பேர் கிடையாது. பேர் இல்லாவிட்டால் சம்பளம் கிடையாது. "மூணு வயசு கூட்டிப் போட்டுருவோம் வேலாயி, எவன் வந்து பல்லப் புடிச்சிப் பார்க்கப் போறான்?" என்றார் கங்காணி. லயத்து வீடுகளில் பாதிப் பிள்ளைகள் இப்படித்தான் ஒரே ராத்திரியில் வளர்ந்தார்கள். அந்த மூன்று வயசு இத்தனை நாள் அவனுக்குச் சோறு போட்டது. இப்போது வந்து அவனையே கேட்டது.

பிறப்புப் பத்திரத்தைக் காட்டினால் விட்டுவிடுவார்கள் என்று பேச்சு. பத்திரம் இருந்ததா? இருந்தது. ஜப்பான்காரன் வந்த வாரம் அது அடுப்பில் எரிந்தது. "கிரீடம் போட்ட காகிதம் எவன் வீட்டில் இருந்தாலும் தலை போகும்" என்று பதிவு ஆபீஸ் தலைமைக் குமாஸ்தா, பெரிய கிராணி சிங்காரம் லயம் லயமாக வந்து முழங்கிவிட்டுப் போனார். ஜனங்கள் கல்யாணப் பத்திரம், பிறப்புப் பத்திரம் எல்லாவற்றையும் கொளுத்திச் சோறு பொங்கினார்கள். வேலாயி வீட்டில் ஒரு பிஸ்கட் டின். அதன் மூடியில் இங்கிலீஷ் ராஜா சிரித்துக்கொண்டிருந்தார். தகரம் எரியாதே! அவரைக் கோழிக்கூண்டுக்குப் பின்னால் குழி தோண்டிப் புதைத்தாள் மகராசி.

ஆகவே நகல் வாங்க வேண்டும். மறுநாளே இருவரும் டவுனுக்கு நடந்தோம். ஆபீஸ் வாசலில் சிப்பாய்க்கு இடுப்பு ஒடியக் குனிந்தோம். சரியாகக் குனியாதவனுக்கு ஓர் அறை விழும். சரியாகக் குனிந்தவனுக்கும் விழும், அடுத்த தடவைக்கு ஞாபகமாக இருக்கட்டும் என்று.

உள்ளே சிங்காரம் வீற்றிருந்தார். வெள்ளைக்காரன் காலத்திலும் அதே நாற்காலி, அதே ஆள். சுவரில் படம் மட்டும் மாறியிருந்தது. அப்படிப்பட்ட ஸ்திரமான மனிதர்.

"அசல் பத்திரம் எங்க?" என்றார்.

"எரிச்சுப்புட்டேனுங்க."

"அரசாங்கப் பத்திரத்தை எரிக்கலாமா? யார் சொன்னது?"

"நீங்கதானுங்களே வந்து சொன்னீங்க!"

"நான் கிரீடத்தைத்தான் எரிக்கச் சொன்னேன். காகிதத்தை எரிக்கச் சொன்னேனா?"

அறிவு என்றால் இதுதான் அறிவு.

"சரி, இவன் பிறந்ததுக்குச் சாட்சி யாரு?"

"நாந்தானுங்க. பெத்தவ."

"பெத்தவ சாட்சி செல்லாது. நீ சம்பந்தப்பட்ட ஆளு."

நான் ஒரு எட்டு முன்னால் வந்தேன். "நான் சொல்றேன். பிரசவம் பார்த்தது நான். தொப்புள்கொடி அறுத்தது இந்தக் கைதான்."

"உங்க பிறப்புப் பத்திரம் இருக்கா டிரஸ்ஸர்?"

"நான் பாளையங்கோட்டையில பிறந்தவன்."

"பாத்தீங்களா? நீங்க பிறந்தது எங்க ஆபீசுக்கே தெரியாது. பிறக்காத ஆள் எப்படிலா சாட்சி சொல்றது?"

தலை நரைக்கத் தொடங்கிய வயசில், மனைவி மக்களோடு குடித்தனம் நடத்துகிற நான், இன்னும் பிறக்கவில்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். ஒரு மாதிரி லேசாகத்தான் இருந்தது.

ஆனால் பதிவேடு அவர் முதுகுக்குப் பின்னாலேயே அலமாரியில் இருந்தது. நாற்காலியைத் திருப்பிக் கையை நீட்டினால் எட்டும். அதைக் காட்டினேன்.

"அது எதிரி பாஷையில இருக்கு" என்று குரலைத் தாழ்த்தினார். "தொறக்கக் கூடாது. மொதல்ல நிப்பான் பாஷைக்கு மாத்தணும். பழைய வருஷத்துல இருந்து ஒவ்வொண்ணா மாத்திக்கிட்டு வர்றோம். இவன் வருஷம் வர்றதுக்கு இன்னும் மூணு வருஷமாவது ஆவும்."

"அதுக்குள்ள அவனுக்கே நெசமாப் பதினெட்டு ஆயிருமேங்க!" என்றாள் வேலாயி.

"அப்புறம் நகலே தேவைப்படாது பாரு" என்றார், அவள் கஷ்டத்தைத் தீர்த்துவைத்த திருப்தியோடு.

அடுத்த தடவை போனபோது வேலாயி ஒரு கோழியைக் கொண்டுபோனாள். மரவள்ளிக்கிழங்கைத் தின்று தின்று ஜனங்களுக்கு வயிறு வீங்கிக் கிடந்த காலத்தில் கோழி என்றால் சும்மாவா? சிங்காரம் லஞ்சம் வாங்குகிறவர் என்று எவனாவது சொன்னால் அவன் நாக்கு அழுகிப்போகும். அவர் அந்தக் கோழியைத் 'துணை ஆவணம்' என்று ஏற்றுக்கொண்டு மேசைக் காலில் கட்டச் சொன்னார்.

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே அது கொக்கரித்தது. குனிந்து பார்த்தால் முட்டை. நான்கு கிராணிகளும் எழுந்து வந்து சுற்றி நின்றார்கள்.

"ஆகா!" என்றார் சிங்காரம். "இதுக்குன்னா இப்பவே பத்திரம் குடுக்கலாம். ஆபீஸ் நேரத்துல பிறந்திருக்கு. நாலு கிராணி சாட்சி. தாயும் நேர்ல ஆஜர்."

"எம்புள்ள கோழி வயித்துலயே பொறந்து தொலச்சிருக்கலாம்" என்றாள் வேலாயி.

கிராணிகள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. மத்தியானத்துக்குள் துணை ஆவணம் குழம்பாகி 'பைசல்' செய்யப்பட்டது. அதன் பலன் உடனே தெரிந்தது. சிங்காரம் ஏப்பம் விட்டுக்கொண்டே இறங்கி வந்தார்.

"வெள்ளிக்கிழம காலையில பையனைக் கூட்டிட்டு வா. ஜப்பான் அதிகாரி நேர்ல பார்த்து வயசைச் சோதிப்பார். அவர் பார்த்துட்டா, நானே கையால நகல் எழுதித் தர்றேன். சத்தியம்."

திரும்பும் வழியில் நான் சொன்னேன்: "வேணாம் வேலாயி. பையனைக் கண்ணுல காட்டாத."

"எங்க கொண்டி ஒளிக்கிறது டிரஸ்ஸரையா? காட்டுல போட்டா புலி, லயத்துல போட்டா கங்காணி. கையில காயிதம் இருந்தா எவன் தொடுவான்? சீலு போட்ட காயிதம்யா!"

அவள் நம்பிக்கையைப் பார்த்து நானும் கூட வருவதாகச் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை ஆபீஸ் திருவிழாவாக இருந்தது. திரிங்காப், கோலா தெர்லா, கம்போங் ராஜா என்று எங்கெங்கிருந்தோ தாய்மார்கள் மகன்களோடு வந்திருந்தார்கள். அத்தனை பேருக்கும் சிங்காரம் சத்தியம் செய்து கொடுத்திருந்தார். வெளியே ஒரு லோரி நின்றது. ஆள் ஏற்றுகிற லோரி தோட்டத்துக்குத்தானே வரும், இது முட்டைக்கோசு ஏற்றப் போகிற லோரியாக்கும் என்று நினைத்தோம்.

வயசுச் சோதனை மிகவும் விஞ்ஞானபூர்வமானது. கூடத்தின் நடுவில் ஒரு மரவள்ளி மூட்டை. அதிகாரி அதைக் கைப்பிரம்பால் தட்டிக் காட்டுவார். தூக்கினால் ஆள், தூக்காவிட்டால் பையன். தங்கராஜுவின் முறை வந்தது.

"தூக்க முடியலன்னு சொல்லுடா" என்று அவன் காதில் முணுமுணுத்தேன். தலையை ஆட்டினான்.

ஆனால் பத்து வயசிலிருந்து கங்காணியின் உதைக்குப் பயந்து வளர்ந்த பிள்ளை. 'தூக்கு' என்று மேலே இருக்கிறவன் சொன்னால், அவன் மூளையைக் கேட்காமலேயே முதுகு குனிந்துவிடும். ஒரே எக்கில் மூட்டையைத் தோளில் ஏற்றினான். ஏற்றிவிட்டு, "எங்கங்க வெக்கணும்?" என்று வேறு கேட்டான்.

அதிகாரி கைதட்டினார். சிப்பாய் அவன் கையைப் பிடித்து வெளியே கூட்டிப் போனான்.

சிங்காரம் வாக்குத் தவறாதவர். இத்தனை நாள் அசையாத அந்த மனிதர் சட்டென்று எழுந்தார். எதிரி பாஷைப் பதிவேட்டை ஒரே இழுப்பில் இழுத்தார், தூசி தட்டினார், பக்கத்தைப் புரட்டினார், எழுதினார், 'டக்'கென்று சீல் குத்தினார். ஆள் போன பிறகு கோப்பு திறந்தே கிடந்தால் மேலிடத்தில் கேட்பார்களாம். மூன்று வருஷ வேலையை, வெற்றிலை போடுகிற நேரத்தில் முடித்துவிட்டார்.

வேலாயி நகலைப் பிடுங்கிக்கொண்டு லோரிக்கு ஓடினாள். மேலே நெருக்கியடித்து நின்ற பிள்ளைகளுக்கு நடுவிலிருந்து தங்கராஜு எட்டிப் பார்த்தான்.

"யம்மா, காயிதம் கெடச்சிருச்சாம்மா?"

"கெடச்சிருச்சுடா! எறங்குடா!"

சிப்பாய் துப்பாக்கியைக் குறுக்கே நீட்டினான். அவள் திரும்பி ஓடி வந்து சிங்காரத்தின் காலில் விழுந்தாள்.

"ஐயா, பதினஞ்சுன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. எறக்கி விடச் சொல்லுங்கய்யா!"

"எந்திரி வேலாயி. காகிதத்துல இருக்கிற தங்கராஜுக்குப் பதினஞ்சு. சட்டப்படி அவனை எவனும் தொட முடியாது. தைரியமா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ."

"அவன்தான் லோரில நிக்கிறானேயா!"

"லோரில நிக்கிறது செக்ரோல் தங்கராஜு. அவனுக்குப் பதினெட்டு. மூட்டையைத் தூக்கினானா இல்லியா? அது வேற ஆளு, இது வேற ஆளு."

"ரெண்டும் எம்புள்ளதாய்யா!"

"உனக்கு ஒரு புள்ளன்னுதானே பதிவுல இருக்கு?"

"அட பாவி, நீயெல்லாம் சோத்தத்தான் திங்கிறியா?" என்று நான் கத்தினேன். வாசல் சிப்பாய் ஓடி வந்து என் கன்னத்தில் விட்டான். அதற்குள் லோரி கிளம்பி முதல் வளைவைத் தாண்டிவிட்டது.

மாதங்கள் போயின. சயாமிலிருந்து ஒரு சேதியும் இல்லை. ஆனால் ஆபீஸ் எங்களை மறக்கவில்லை. ஒரு நாள் வேலாயிக்கு உத்தரவு வந்தது: 'உன் வீட்டில் வசிக்கும் தங்கராஜு, வயது பதினைந்து, மரவள்ளி நடும் வேலைக்கு வராமல் பதுங்கியிருப்பதாகத் தெரிகிறது. நேரில் வந்து காரணம் சொல்லாவிட்டால் வீட்டு ரேஷன் நிறுத்தப்படும்.'

போனோம். வேலாயி பாதியாக இளைத்திருந்தாள். அன்றைக்கு அவள் யாருக்கும் குனியவில்லை. சிப்பாய்கூட என்னவோ அவளைப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்தான்.

"மகன் எங்க?" என்றார் சிங்காரம், ஏட்டைப் பார்த்தபடியே. "பதினஞ்சு வயசுப் பையனை வீட்டுல வெச்சிக்கிட்டு, வேலைக்கு அனுப்பாம என்ன பண்ற?"

வேலாயி மேசை மேல் இரண்டு கையையும் ஊன்றினாள்.

"எங்கிட்ட எங்கய்யா இருக்கான்? நீங்கதான ஏட்டுல வெச்சிருக்கீங்க. பதினஞ்சு வயசு, உசுரோட, சீலு குத்தி வெச்சிருக்கீங்க. எடுத்துக் குடுங்க. இப்பவே கையப் புடிச்சிக் கூட்டிப் போயி வேலைக்கு விடுறேன்."

சிங்காரம் பேனாவை மூடினார். மற்ற மூன்று கிராணிகளும் அவரவர் காகிதத்தில் குனிந்துகொண்டார்கள். அவள் நகரவில்லை. அலமாரியையே பார்த்துக்கொண்டு, கையை நீட்டியபடி நின்றாள்.

அந்த ஆபீசை இவ்வளவு நேரம் வாயாரப் புகழ்ந்தேன். ஒரு வார்த்தையையும் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டேன். நேரம் தவறாத ஆபீஸ், சட்டம் தவறாத ஆபீஸ், வாக்குத் தவறாத ஆபீஸ். எனக்குத் தெரிந்து அங்கே ஒரே ஒரு பிழைதான் நடந்திருந்தது: பிள்ளை பிடிக்கிறவன் வீட்டு வாசலில் 'பிறப்புப் பதிவு' என்று போர்டு மாட்டியிருந்தார்கள்.