போளூருக்குப் போன கரண்டு பனியன்

ஆரணிக்காரன் ஒருவன் குளிருக்குப் பயந்தான் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். எங்கள் ஊர் வெயிலில் ஆளே அப்பளமாகப் பொரிந்துவிடுவான். ஆனால் மார்கழி, தை என்று இரண்டு மாதங்கள் இருக்கின்றனவே, அவற்றுக்குத்தான் நான் பயந்தேன்.

அப்போது எனக்கு செய்யாறில் கம்பெனி வேலை. கம்பெனி பஸ் வருகிற நேரத்துக்கு எழுந்து பழக்கமில்லாததால் பைக்கில்தான் போவேன். வயல்வெளிப் பனி முகத்தில் அறைந்து, கம்பெனி கேட்டில் போய் நிற்கும்போது வாய் கோணிக்கொண்டு சொந்தப் பெயரே சரியாக வராது. (வாட்ச்மேன் ஒருநாள் சந்தேகப்பட்டு என் வாயை மோந்தே பார்த்துவிட்டார்.)

கனடாவில் இருக்கும் அக்கா வீட்டுக்காரரிடம் போனில் இதைச் சொல்லி அழுதேன். மாமா உற்சாகமாகிவிட்டார்.

"மச்சான், இங்க பைக் ஓட்றவங்களுக்குன்னே சூடாவுற துணி விக்கிறான். பேட்டரியில ஒயர மாட்டிட்டா போதும். ஜாக்கெட் இருக்குது, அதுக்குள்ள போட்ற லைனர் இருக்குது, கையில்லாத வெஸ்ட் இருக்குது. க்ளவுஸ் தனி. உனுக்கு எது வோணும்?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "எதுனா ஒண்ணு அனுப்புங்க மாமா" என்றேன்.

"அப்டி சொல்லக் கூடாது. உன் வண்டி எவ்ளோ தாங்கும்?"

"ரெண்டு பேர் தாராளமா போவலாம் மாமா. கூட ஒரு மூட்டையும் வச்சிக்கலாம்."

(அவர் கேட்டது பேட்டரியை.) "வீட்ல கலந்து பேசிட்டு சொல்லு" என்று வைத்துவிட்டார்.

கலந்து பேசினோம். அப்பா பட்டுப்புடவை வியாபாரி. ஜாக்கெட் என்ற சொல்லைக் கேட்டதும் பதறிப்போனார். "வேற எது வேணா கேளு. நீ ஜாக்கெட் வாங்குறன்னு கடைத்தெருவுல தெரிஞ்சா, இன்னா கலர் பொடவைக்குன்னு கேப்பானுங்க." ஜாக்கெட் போயிற்று. லைனர் என்றால் என்னவென்று மூவருக்குமே தெரியவில்லை. கையுறை போட்டால் கிளட்ச் பிடிக்க வராது என்று நானே முடிவு செய்தேன். மிஞ்சியது வெஸ்ட். வெஸ்ட் என்றால் பனியன் என்று பள்ளிக்கூடத்திலேயே படித்திருக்கிறேன்.

"கரண்டு பனியனா?" என்றார் அம்மா. "வேர்வையில ஷாக் அடிச்சா இன்னாடா பண்ணுவ?"

"குளுருக்குத்தாம்மா போட்றது. வேர்வை எங்கேந்து வரும்?" என்றேன். நான் வாழ்க்கையில் பேசிய முட்டாள்தனங்களில் இதற்குத்தான் முதலிடம்.

பார்சல் தை மாதம் வந்தது. கறுப்பாக, தடிமனாக, கையில்லாமல் இருந்தது. இடுப்புப் பக்கம் ஒரு ஒயர் தொங்கியது. மார்புப் பக்கம் தீப்பெட்டி அளவு பெட்டி ஒன்றில் விளக்கு எரியும். அதை அமுக்க அமுக்கப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மாறும். மெக்கானிக் பேட்டரியிலிருந்து இணைப்பு கொடுத்துவிட்டு, "இன்னா சார், ஆளுக்கே ஹீட்டரா?" என்று என்னைச் சுற்றி வந்து பார்த்தார்.

மறுநாள் காலை போளூரில் எனக்குப் பெண் பார்க்கும் சடங்கு. நல்ல நேரம் காலையிலேயே முடிந்துவிடுவதால் இருட்டோடு கிளம்ப வேண்டியிருந்தது. வாடகைக் காரில் அப்பா, அம்மா, இரண்டு அத்தைகள், தட்டு, பழம், பூ எல்லாம் ஏறியபின் எனக்கு இடமில்லை. "நான் பைக்ல வந்துடறேன்" என்றேன், மிகப் பெருந்தன்மையாக.

பனியனைப் பனியன் மாதிரியே போட்டேன், வெறும் உடம்பில். அதன்மேல் புதுச் சட்டை, இன் செய்து பெல்ட். ஒயர் இடுப்புக்குப் பின்னால் இறங்கி சீட்டுக்கடியில் போனது. ஊர் எல்லை தாண்டும்போது பச்சை விளக்கு. ஆஹா! அடுப்பங்கரையில் உட்கார்ந்தபடியே பைக் ஓட்டுவது போல இருந்தது. எதிரில் சைக்கிளில் முண்டாசு கட்டி வந்தவர்களைப் பார்த்துப் பரிதாபப்பட்டேன்.

பாதி வழியில் வெயில் எட்டிப்பார்த்தது. முதுகு சுட ஆரம்பித்தது. சரி, நிறுத்துவோம் என்று சட்டைக்கு மேலாகவே பெட்டியை அமுக்கிச் சிவப்புக்குக் கொண்டுவந்தேன். சிவப்பு என்றால் நில் என்பது உலகத்துக்கே தெரிந்ததுதானே? (அந்தப் பனியனுக்குத் தெரியவில்லை. அதில் பச்சை இளஞ்சூடு, சிவப்பு உச்சபட்சம்.) சூடு குறையவில்லை, கூடியது. சட்டையை விலக்கிப் பார்த்தேன், சிவப்புதான் எரிந்தது. நிறுத்திய பிறகும் உடம்பு கொதிக்கிறதென்றால் எனக்குக் காய்ச்சல் என்று முடிவுக்கு வந்தேன். டைபாய்டாக இருக்குமோ, பெண் வீட்டில் இதைச் சொல்வதா வேண்டாமா என்று குழம்பிக்கொண்டே போளூர் போய்ச் சேர்ந்தேன்.

வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி நடந்தேன். பின்னால் 'டப்' என்று ஒரு சத்தம். அது பிளக் பிய்த்துக்கொண்ட சத்தம் என்று எனக்குத் தோன்றவேயில்லை.

பெண்ணின் அப்பா வேர்க்கடலை மண்டி வைத்திருப்பவர். என்னைக் கண்டதும் எழுந்து நின்றவர், அப்படியே நின்றுவிட்டார். முகம் செக்கச்செவேல் என்று சிவந்து, தலைமுடியிலிருந்து வேர்வை சொட்ட, தை மாதக் காலையில் ஒரு மாப்பிள்ளை.

"ஃபேன போடுங்கப்பா" என்றார்.

ஃபேன் முழு வேகத்தில் சுற்றியது. பனியனில் கரண்டு இல்லை. வேர்வை மட்டும் குடம் குடமாக இருந்தது. குளிர் எலும்பில் ஏற, பல் தந்தியடிக்க ஆரம்பித்தது. நான் பார்க்க வந்த பெண் வசந்தி காப்பி கொண்டுவந்தாள். டம்ளரை வாங்கினேன். பாதிக் காப்பி டபராவுக்கும் மீதி என் பேண்டுக்கும் போனது.

"ஃபேன நிறுத்துங்கப்பா" என்றார் பெண்ணின் அப்பா.

ஃபேன் நின்றதும் பெண்ணின் அத்தை கேட்டார், "இன்னாங்க இது, மாப்ளைக்குப் பின்னால ஒயர் தொங்குது?"

எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். நானும் திரும்பிப் பார்த்தேன். வால் போலத்தான் தொங்கியது.

பெண்ணின் அப்பா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தினார். "தம்பி, தப்பா நெனைக்காதீங்க. ஹார்ட்டுக்கு எதுனா மெஷின் வச்சிருக்காங்களா?"

"அய்யோ, இல்லீங்க. இது பனியன்."

"பனியனுக்கு ஒயரா?"

"பேட்டரியில ஓடுதுங்க."

"எது, நீங்களா?"

அம்மா காப்பாற்ற வந்தார். "புள்ளைக்கு ஒண்ணும் இல்லீங்க. கரண்டு குடுத்தா சூடாயிடுவான், அவ்ளோதான்."

பெண்ணின் அத்தை வாயில் கைவைத்துக்கொண்டார். நேரில் காட்டினால்தான் ஆயிற்று என்று நான் வாசலுக்கு ஓடினேன். இரண்டு குடும்பமும் பின்னால் வந்தது, தெருவும் சேர்ந்துகொண்டது. பிளக்கை மாட்டினேன். "கைய வச்சிப் பாருங்க" என்று பெண்ணின் அப்பாவின் உள்ளங்கையை எடுத்து என் மார்பில் வைத்தேன்.

"இருங்க, வந்துகினு இருக்குது" என்றேன். வரவில்லை. என் சின்ன வண்டியின் பேட்டரியை வழியிலேயே பனியன் உறிஞ்சிக் குடித்திருந்தது. பேட்டரியைச் சோதிக்க ஹாரனை அமுக்கினேன். தொண்டை கட்டிய ஆடு போல ஒரு முனகல் வந்து, அதுவும் நின்றது.

"சூடு இல்ல தம்பி" என்றார் அவர், மிகுந்த வருத்தத்துடன். "நெஞ்சுதான் படபடன்னு அடிச்சிகினு இருக்குது."

அப்பா பழத்தட்டைக் காரில் திருப்பி ஏற்றலாமா என்று பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது கதவோரம் நின்ற வசந்தி கேட்டாள்: "ஏங்க, குளுருக்கு ஒரு ஸ்வெட்டர் போட்டுகினு வந்திருக்கலாமே?"

இத்தனை வாரம் நாங்கள் கனடாவரை ஆலோசனை செய்தோமே, இந்தக் கேள்வி ஏன் எங்களில் ஒருவருக்குக்கூடத் தோன்றவில்லை? நான் அப்பாவைப் பார்த்தேன், அப்பா அம்மாவைப் பார்த்தார். வசந்தி சிரித்துவிட்டாள். தெருவே சிரித்தது. வேறு வழி தெரியாமல் நானும் சிரித்தேன், பல் தந்தியடிக்க.

பெண்ணின் அப்பா மட்டும் சிரிக்கவில்லை. அந்த வாரமே ஆரணிக்கு வந்து என்னை டாக்டரிடம் அழைத்துப் போனார். "இன்னா பண்ணுது?" என்றார் டாக்டர். "ஒண்ணும் இல்லீங்க. உள்ள பேட்டரி கீதான்னு மட்டும் பாருங்க" என்றார் இவர். ஈ.சி.ஜி. எடுத்தார்கள். மறுபடியும் உடம்பெல்லாம் ஒயர். உள்ளே பேட்டரி இல்லை என்று டாக்டர் சத்தியம் செய்தபிறகுதான் தேதி குறித்தார்கள்.

என்னைக் கட்டிக்கொள்ள எப்படிச் சம்மதித்தாய் என்று பிறகு வசந்தியைக் கேட்டேன். "அவ்ளோ பேர் சிரிச்சும் உங்களுக்குக் கோவம் வரல. அது போதும்னு அப்பாகிட்ட சொன்னேன்" என்றாள். (கோபம் வராத அளவுக்குக் குளிர் என்பதை இன்றுவரை அவளிடம் சொல்லவில்லை.)

கல்யாணத்துக்கு வந்த மாமா, பனியனைச் சட்டைக்கு மேலே போட வேண்டும் என்று பந்தியில் வைத்து விளக்கினார். யாரும் கேட்கவில்லை.

இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நான் சுவரோரம் படுத்துத் தூங்கினால், யாராவது வந்து என்னைக் கேட்பார்கள். என் மகள் வாசலிலேயே நிறுத்திப் பதில் சொல்லி அனுப்பிவிடுவாள்:

"அப்பா சார்ஜ்ல இருக்காருங்க. ஏறினதும் வருவாரு."