கொண்டைக்காரனைக் கொடுத்துக் கொசுறு வாங்கிய வாரம்

அன்புக்கும் மரியாதைக்கும் உரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமா எழுதுவது. இங்கே வீட்டில் யாருக்கும் காய்ச்சல் இல்லை, கடையில் எந்தக் குழாயும் ஒழுகவில்லை, உங்கள் அத்தை வழக்கம்போல் என்னைத் தவிர மற்ற எல்லோரிடமும் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கிறாள். உங்கள் வீட்டுக்காரி எங்கள் மாடி அறையில் சௌக்கியம். வாந்தி குறைந்திருக்கிறது, வாய் கூடியிருக்கிறது. கப்பலின் இன்ஜின் அறைச் சூட்டில் நீங்களும் வாடாமல் வதங்காமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கப்பல் கரையைத் தொடும்வரை உங்கள் போன் வேலை செய்யாது என்பதாலும், தொட்ட மறு நிமிஷம் என் மகள் கூப்பிட்டுத் தன் கட்சியைச் சொல்லிவிடுவாள் என்பதாலும், அதற்கு முன்பே படகில் வந்து கப்பலேறும் ஏஜென்ட் கையில் இந்தக் கடிதத்தைக் கொடுத்தனுப்புகிறேன். முதலில் என் கட்சியைப் படித்துவிடுங்கள்.

போன திங்கட்கிழமை பெட்டியோடு வாசலில் நின்று, "மாமா, ஒரே ஒரு வாரம் என் ஃபுட்பால் டீமைப் பாத்துக்கங்க. ஒண்ணும் பண்ண வேண்டாம், சும்மா இருந்தாப் போதும்" என்று சொல்லி, பாஸ்வேர்டைக் கடை பில் புத்தகத்தின் பின்னட்டையில் எழுதிக் கொடுத்தீர்கள். மாப்பிள்ளை, குற்றம் அங்கேதான் ஆரம்பம். முப்பத்தொரு வருஷம் சும்மா இருக்காததால்தான், தோளில் பைப் சுமந்து தெருத்தெருவாக விற்றவன் இன்றைக்கு இரண்டு மாடிக் கடையில் வாஷ்பேசினுக்கும் ஷவருக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறேன். அப்பேர்ப்பட்டவன் கையில் சரக்கைக் கொடுத்து, தொடாதே என்றால் தொடாமல் இருக்க நான் என்ன ஷோகேஸ் பொம்மையா?

இந்த விளையாட்டை நான் புரிந்துகொண்டதை எழுதுகிறேன், தப்பிருந்தால் அதையே என் வக்கீலாக வைத்துக்கொள்ளுங்கள். நிஜமான ஆட்டக்காரர்களில் பதினைந்து பேர் போனில் நம் பெயரில் இருப்பார்கள். அவர்கள் எங்கோ நிஜமாக ஆடுவார்கள். அவர்கள் கோல் போட்டால் நமக்குப் புள்ளி. பதினொரு பேர் களத்தில், நாலு பேர் பெஞ்சில். களத்தில் வைத்தவன் ஆட வராவிட்டால் பெஞ்சில் முதல் ஆளாக உட்கார்ந்திருப்பவன் தானாக உள்ளே வருவான். வாரத்துக்கு ஒருவரோடு ஒருவர் மோதல். இந்த வாரம் உங்களுக்கு எதிரில் நிற்பது உங்கள் சொந்த மனைவி. இந்த வருஷம் ஆளுக்கு ஒரு வெற்றி ஆகியிருக்க, மூன்றாவதில் ஜெயிப்பவர்தான் பிறக்கப் போகும் பிள்ளைக்குப் பெயர் வைப்பது என்று இரண்டு பேரும் கைகுலுக்கி முடிவு செய்தது வேறு. ஆணானாலும் பெண்ணானாலும் பொருந்தும் என்று நீங்கள் பிடித்த பெயர் ஒன்பது எழுத்து. கூப்பிட்டு முடிப்பதற்குள் பிள்ளை தெருமுனை தாண்டிவிடும். அவள் பிடித்தது இரண்டே எழுத்து. யாரோ தும்மினது மாதிரி இருக்கிறது. என் மனசிலும் நல்லதாக ஒரு பெயர் உண்டு. யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஒரு பக்கம் பெற்ற மகள், இன்னொரு பக்கம் கொடுத்த வாக்கு. நான் வாக்குப் பக்கம்தான் நின்றேன் என்பதை இந்த இடத்திலேயே பதிந்துவிடுகிறேன்.

செவ்வாய்க்கிழமை சரக்கைச் சரிபார்த்தேன். உங்கள் டீமில் கொண்டை போட்ட ஒருத்தன் இருக்கிறானே, ஐந்து வாரமாகத் தொடர்ந்து கோல் போடுகிறவன், அவன் பெயரைப் பில் புத்தகத்தில் குறித்துக்கொண்டேன். ஐந்து வாரம் இப்படிப் பறந்த சரக்கு எந்த நேரமும் படுத்துவிடும், மவுசு இருக்கும்போதே தள்ளிவிட வேண்டும் என்று என் அனுபவம் சொன்னது. புதன்கிழமை என் மகளும் உங்கள் அத்தையும் டாக்டரிடம் போய்விட்டு வந்தார்கள். எல்லாம் நல்லபடியாக இருக்கிறதாம். வரும் வழியில் மஞ்சள் நிறத்தில் குட்டிப் போர்வை வாங்கியிருந்தார்கள், ஒரே மாதிரி இரண்டு. "எதுக்கு ரெண்டு?" என்றேன். "ஒண்ணு வாங்கினா ஒண்ணு இனாம்னு சொன்னான்" என்றாள் உங்கள் அத்தை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் முதல் முறையாக அவளை வாய்விட்டுப் பாராட்டினேன். அவள் அந்தப் பக்கம் திரும்பி இருமிக்கொண்டாள்.

வியாழக்கிழமை நான் கடைக்குக் கிளம்பும்போது மாடிப்படியில் என் மகள் மறித்தாள்.

"அப்பா, உங்க கொண்டைக்காரனை எனக்குக் குடுங்க. பதிலுக்கு ரெண்டு பேர் தர்றேன்."

ஒன்றுக்கு இரண்டு! உள்ளே தவில் வாசிக்கிறது, ஆனால் முகத்தைச் சிமெண்ட் பூசின மாதிரி வைத்துக்கொண்டு, "யாரு அந்த ரெண்டு?" என்றேன்.

"ஒரு கோல் கீப்பர், ஒரு நடு ஆட்டக்காரர். ரெண்டு பேருமே பெரிய டீம். பேரைக் கேட்டாலே அதிரும்."

"கட்டாதும்மா. நான் வேற கடை பாத்துக்கறேன்" என்று இரண்டு படி இறங்கினேன்.

"இறங்குங்க, இறங்குங்க. வாசல் வரைக்கும் போய்த் திரும்பி வருவீங்க. உங்க கடையில எத்தனை பேரைப் பாத்திருக்கேன்."

பள்ளிக்கூட விடுமுறை எல்லாம் என் கல்லாப் பக்கத்திலேயே உட்கார்ந்து வளர்ந்தவள். வாசல் வரைக்கும் போனேன். திரும்பி வந்தேன். "சரி, ஆனா கொசுறா இன்னொருத்தனைக் குடு. கொசுறு இல்லாம நான் எதையும் வாங்கினது கிடையாது."

சொன்னதுதான் தாமதம், படியில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள் மாப்பிள்ளை, விக்கல் வரும்வரை சிரித்தாள். "கொசுறா! இந்த வாரம் நம்ம வீட்டுல கொசுறுக்குக் குறைச்சலே இல்லப்பா!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, நாலு வாரமாகக் களத்தையே பார்க்காத பத்தொன்பது வயதுத் தடுப்பாட்டக்காரன் ஒருவனைத் தூக்கிப் போட்டாள். வியாபாரம் முடிந்தது. ஒருத்தன் போய் மூன்று பேர் வந்ததால் பழைய ஆட்களில் இரண்டு பேரைக் கழிக்க வேண்டியிருந்தது. நடுவரிடம் சண்டை போட்டு மஞ்சள் அட்டை வாங்கிய இரண்டு பேரைப் பார்த்து அனுப்பிவிட்டேன். வாடிக்கையாளரிடம் வாய்ச்சண்டை போடுகிறவனை நான் கடையிலும் வைத்துக்கொள்வதில்லை.

வெள்ளிக்கிழமை நம் பிளம்பர் மேஸ்திரி சாமான் எடுக்க வந்தார். மனுஷன் ஃபுட்பால் பைத்தியம். போனைப் பெருமையாக நீட்டினேன். பார்த்தவர் கையில் இருந்த எல்போவைக் கீழே போட்டார்.

"முதலாளி, என்ன காரியம் பண்ணிட்டீங்க! இந்த நடு ஆட்டக்காரனுக்குக் கணுக்கால் உடைஞ்சு மூணு வாரம் ஆச்சே! கட்டுப் போட்ட படமெல்லாம் வந்துச்சே!"

"கோல் கீப்பர்?"

"ஏற்கெனவே ஒரு நல்ல கீப்பர் இருக்காரே. ஒரு வாசலுக்கு எதுக்கு ரெண்டு வாட்ச்மேன்?"

"மூணாவது ஆளு?"

"இவன் யாருன்னு இவன் டீமுக்கே தெரியாது முதலாளி."

உடனே கணுக்கால்காரனைத் தூக்குங்கள் என்றார். எப்படித் தூக்குவது? வாங்கி வந்த சரக்கை ஷோகேஸில் வைக்காமல் கோடவுனில் போட்டால், ஏமாந்தோம் என்று நாமே போர்டு மாட்டின மாதிரி ஆகாதா? மாடியில் இருப்பவளும் அதே ஆப்பில் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறாள்! கீப்பரும் கணுக்காலும் களத்திலேயே இருக்கட்டும் என்றேன். மேஸ்திரி தலையில் அடித்துக்கொண்டு, "சரி, பெஞ்சுலயாவது நம்ம பழைய ஆளை முதல்ல வைங்க" என்றார். நான் கொசுறை முதலில் வைத்தேன். ஏனென்றால் கொசுறை எப்போதும் முன்னால்தான் வைக்க வேண்டும். பக்கெட்டோடு கொடுக்கிற மக்கைப் பக்கெட்டுக்குப் பின்னால் மறைத்து வைத்தால் எவன் பக்கெட் வாங்குவான்?

சனிக்கிழமை நடந்ததை எழுதக் கை வரவில்லை. நான் தள்ளிவிட்ட கொண்டைக்காரன் மூன்று கோல் போட்டான். ஒவ்வொரு கோலுக்கும் உங்கள் வீட்டுக்காரி மாடியில் உட்கார்ந்த இடத்திலிருந்தே செருப்பால் தரையைத் தட்டினாள். என் காபியில் சுண்ணாம்பு உதிர்ந்தது. உங்கள் அத்தை கீழே இருந்து, "மெதுவாடீ! நீ ஒருத்தி இல்லைங்கறது ஞாபகம் இருக்கட்டும்!" என்று கத்தினாள். அன்று ஆட்டமெல்லாம் முடிந்தபோது நாம் பதின்மூன்று புள்ளி பின்னால். ஞாயிற்றுக்கிழமை மிச்சமிருந்தது யார் தெரியுமா? கீப்பரும் கணுக்காலும். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை மாப்பிள்ளை. நீங்கள் அங்கே எண்ணெயிலும் புகையிலும் நின்றுகொண்டு, மாமா பார்த்துக்கொள்வார் என்று நம்பியிருப்பீர்களே என்று நினைத்தபோது, முப்பத்தொரு வருஷத்தில் முதல் தடவையாக வாங்கின சரக்கைத் திருப்பிக் கொடுக்க முடியாதா என்று மாடிப்படி ஏறினேன். "விற்ற பொருள் வாபஸ் இல்லை. உங்க கடை போர்டுதான்ப்பா" என்று கதவைக்கூடத் திறக்காமல் சொன்னாள்.

ஞாயிறு மாலை கடைக்கு விடுமுறை. ஷோரூமில் பெரிய டிவி இருப்பதால் எல்லோரும் அங்கே போய்விட்டோம். விற்பனைக்கு வைத்த பாத்டப்பில் தலையணை போட்டு மகாராணி மாதிரி என் மகள், மூடி போட்ட கம்மோட்டில் மேஸ்திரி, டைல்ஸ் அடுக்கின் மேல் உங்கள் அத்தை, உட்கார மனசில்லாமல் நான். கீப்பர் இரண்டு கோல் விட்டுவிட்டு, வந்த கடமைக்கு இரண்டு புள்ளி கொடுத்தார். சமமாகவே இன்னும் பதினொன்று தேவை. கடைசி ஆட்டத்தில் கணுக்கால்காரன் கோட்டு போட்டுக்கொண்டு பார்வையாளர்களோடு உட்கார்ந்து கொட்டாவி விடுவதை டிவிக்காரன் கிட்டத்தில் வேறு காட்டினான். "அதோ உங்க சரக்கு, நல்லாப் பாத்துக்கங்க" என்றாள் பாத்டப்பில் இருந்தவள்.

அதே நிமிஷம் மேஸ்திரி கம்மோட்டிலிருந்து துள்ளி எழுந்தார். "முதலாளி, எதிர் டீம்ல பாருங்க! நம்ம கொசுறு!"

அவன் டீமில் பெரிய ஆட்கள் இரண்டு பேருக்கு வயிற்றுப்போக்காம். வேறு வழியில்லாமல் இவனை இறக்கியிருக்கிறார்கள். கணுக்கால் வராததால் பெஞ்சில் முதல் ஆளான கொசுறு தானாக நம் களத்துக்குள் வந்துவிட்டான். ஆடினதற்கு இரண்டு, டீம் கோல் விடாமல் முடித்தால் நாலு, ஆக ஆறு என்று மேஸ்திரி விரலை மடக்கினார். சமமாக இன்னும் ஐந்து குறைந்தது. எண்பத்தெட்டாவது நிமிஷம் கொசுறின் டீம்காரர்கள் கார்னர் அடித்தார்கள். கொசுறு பந்தைப் பார்க்கவே இல்லை, வேறு எங்கோ பராக்குப் பார்த்துக்கொண்டிருந்தான். பந்து அவன் பிடரியில் வந்து மோதி எதிராளி வலைக்குள் போயிற்று. கோலுக்கு ஆறு! அவன் டீம் கோல் விடாமலே முடித்தது, மொத்தம் பன்னிரண்டு! ஒரு புள்ளியில் ஜெயித்துவிட்டோம் மாப்பிள்ளை! சந்தோஷத்தில் கைக்கு எட்டியதைப் பிடித்துத் திருகினேன். அது தண்ணீர் இணைப்பு கொடுத்த ஷவர். மேஸ்திரி முழுசாக நனைந்தார், ஆனால் விஷயம் அதுவல்ல.

என் மகள் பாத்டப்பிலிருந்து கையை நீட்டினாள். "ஒத்துக்கறேன்ப்பா. பேர் அவர் வைக்கட்டும். ஆனா கொசுறு கேட்டது நீங்க, குடுத்தது நான். அதை மறந்துடாதீங்க." முகத்தில் தோற்ற களையே இல்லை. என் வளர்ப்பு அப்படி என்று பெருமைப்பட்டுக்கொண்டேன்.

ஆகவே பெயர் வைக்கும் உரிமை சந்தேகத்துக்கு இடமில்லாமல் உங்களுடையது. நம் கடைக்குத் திறக்கப் போகும் புதுக் கிளைக்கும் அந்த ஒன்பது எழுத்துப் பெயரையே வைப்பதாக முடிவு செய்து, பலகை எழுதுகிறவரிடம் சொல்லிவிட்டேன். எழுத்துக்கு இவ்வளவு என்று வாங்குகிற ஆள் என்பதால் ஒரேயடியாக மகிழ்ந்து போனார். இனி எந்தக் காலத்திலும் இந்த விளையாட்டின் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டேன்.

உங்கள் இன்ஜின் இருமாமல் ஓடட்டும், கடல் உங்களிடம் மரியாதையாக நடந்துகொள்ளட்டும், போனது போலவே முழுசாக வீடு திரும்புங்கள். உங்கள் அப்பா அம்மாவுக்கு என் வணக்கம். உங்களுக்கு என் ஆசி.

இப்படிக்கு,
வாக்கைக் காப்பாற்றிய
மாமா

பி.கு.: கடிதத்தை ஒட்டப் போகும்போது உங்கள் அத்தை வாங்கிப் படித்தாள். படித்துவிட்டு மகளைக் கூப்பிட்டாள். இரண்டு பேரும் சேர்ந்து சிரித்துவிட்டு, புதன்கிழமை எடுத்த ஸ்கேன் படத்தை என் முன்னால் வைத்தார்கள். இரட்டைப் பிள்ளை, மாப்பிள்ளை. அந்தப் போர்வைக் கடையில் இனாமும் இல்லை, ஒன்றும் இல்லை. இரண்டுக்கும் முழு விலை. ஆகவே ஒன்றுக்கு உங்கள் பெயர், ஒன்றுக்கு அவள் பெயர். நான் சோறு இறங்காமல் கிடந்தது, மேஸ்திரி நனைந்தது எல்லாம் வீண். பலகைக்காரரிடம் அந்தத் தும்மல் பெயரையும் சேர்த்து எழுதச் சொல்லியிருக்கிறேன். இதை உங்களிடம் அவளே போனில் சொல்ல வேண்டுமாம், நான் மூச்சுவிடக் கூடாதாம். எனவே இதைப் படித்ததும் படிக்காதவர் மாதிரி இருக்கவும், அவள் சொல்லும்போது எதையாவது தடாலென்று கீழே போட்டு ஒரு சத்தம் கொடுக்கவும். அடுத்த ஸ்கேனுக்கு நானும் போகிறேன். எதற்கும் இன்னொரு தடவை நன்றாகத் தேடிப் பார்க்கும்படி டாக்டரிடம் கேட்கப் போகிறேன். கொசுறாக மூன்றாவது ஒன்று அகப்பட்டால், பெயர் என்னிடம் தயாராக இருக்கிறது.