ஆமை போட்ட தண்ணீர்ப் பந்தல்

ஒரு காட்டில், நான்கு கால் இருந்தும் நடக்க மறந்துபோன மிருகங்கள் வாழ்ந்து வந்தன. காட்டின் நடுவே நான்கு தடமுள்ள ஒரு சாலை. எதிர் மரத்துத் தேன்கூட்டுக்குப் போகக்கூடக் கரடியார் வண்டியைத்தான் எடுப்பார். போய்ச் சேர்ந்ததும் நிறுத்த இடமில்லை என்று திரும்பி வந்துவிடுவார். அதனால் சாலையில் எப்போதும் நெரிசல். நெரிசலைக் காட்டி, சாலை போதவில்லை என்று எல்லாரும் புலம்பினார்கள்.

சாலைக்கு இந்தப் பக்கம் குளத்தில் செங்கமலம் என்ற ஆமை குடியிருந்தாள். அந்தப் பக்கம் மணல்மேடு. ஆமைகள் காலங்காலமாக முட்டையிடுவது அங்கேதான். முட்டையைப் புதைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுவது அவர்கள் வழக்கம். செங்கமலம் மட்டும் போன வருஷம் மனசு கேட்காமல், குஞ்சுகள் குளத்துக்கு வரும் நாளில் சாலையோரம் போய் நின்றாள். ஒன்றுகூட இந்தப் பக்கம் வந்து சேரவில்லை. தாரோடு தாராக ஒட்டிக்கிடந்த சின்னச் சின்ன ஓடுகளைப் பார்த்தவள், அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லை. இந்த வருஷமும் முட்டையிட்டிருந்தாள். மழை விழுந்ததும் குஞ்சுகள் கிளம்பிவிடும்.

அந்தச் சமயம் பார்த்து வன நிர்வாகம் ஒரு திட்டம் சொன்னது. நான்கு தடத்தை இரண்டாக்கலாம், மிச்ச இடத்தில் நடப்பவர்களுக்குப் பாதை போடலாம், உங்களுக்குச் சம்மதமா என்று கேட்டது. குடியிருப்போர் சங்கத் தலைவரான கரடியார் தன் குகை வாசலில் கூட்டம் கூட்டினார். மளிகைக்கடைப் பன்றியார் முதலில் எழுந்து, கடை வாசலில் வண்டி நிறுத்த முடியாவிட்டால் எவன் வந்து பருப்பு வாங்குவான் என்று கேட்டார். பிறகு ஆம்புலன்ஸ் எப்படிப் போகும் என்று ஆளாளுக்குக் கவலைப்பட்டார்கள். அந்த நேரத்தில்கூட அவர்கள் வண்டிகளெல்லாம் ஆம்புலன்ஸ் போகும் வழியில்தான் நின்றிருந்தன.

செங்கமலம் எழுந்து தன் குஞ்சுகளைப் பற்றிச் சொன்னாள்.

"ஏம்மா, புள்ளைங்களைப் பாத்துக்க வேண்டியது பெத்தவங்க பொறுப்பு. உங்க ஆளுங்க முட்டை போட்டதும் நடையைக் கட்டிடுவீங்க. ரோடு வந்து வளர்க்குமா?" என்றார் கரடியார்.

அதில் பாதி உண்மை இருந்தது. தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டு அழுதாள். திட்டம் ஏகமனதாகத் தோற்றது. நத்தை, முள்ளெலி, தவளை போன்ற நடக்கிற கூட்டம் காட்டில் ஏராளம்தான். ஆனால் அவர்கள் யாரும் கூட்டத்துக்கு வரவில்லை. எதிர்ப்பக்கம் நின்றுகொண்டு, சாலையைக் கடக்க இடைவெளி கிடைக்குமா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த வாரம் பன்றியார் வீட்டில் கல்யாணம். சாலையில் சரிபாதியை அடைத்துப் பந்தல் போட்டார்கள். வாழைமரம், சீரியல் விளக்கு, காதைக் கிழிக்கும் ஸ்பீக்கர் என்று ஒரு குறையும் இல்லை. மிச்சமிருந்த இரண்டு தடத்தில் வண்டிகள் ஊர்ந்து போயின. ஒருவராவது முகம் சுளிக்க வேண்டுமே. கரடியார் பந்தலைச் சுற்றிக்கொண்டு வந்து, மொய் எழுதிவிட்டு, பாயசம் இரண்டாம் முறை வாங்கிக் குடித்தார். ஆம்புலன்ஸ் ஓட்டும் மான்கூட ஓரங்கட்டிவிட்டுப் பந்தியில் உட்கார்ந்துவிட்டது.

செங்கமலம் வாழைமரத்தடியில் நின்று இதையெல்லாம் பார்த்தாள். ஆமைக்கு யோசனை வர நேரமாகும். வந்துவிட்டால் லேசில் போகாது. நேரே பந்தல் காண்டிராக்டர் தூக்கணாங்குருவியிடம் போனாள்.

"யார் வீட்டு விசேஷம்க்கா?" என்றது குருவி.

"விசேஷம் இல்ல. வெயில் காலமாச்சே, தண்ணீர்ப் பந்தல். ராஜா படம் வைக்கணும்."

"சிங்க ராஜாவா? அப்ப பெருசாவே போட்டுடலாம்."

பந்தல் எழுந்தது, கல்யாணப் பந்தல் போலவே இரண்டு தடத்தை அடைத்துக்கொண்டு. முகப்பில் சிங்கம் கும்பிட்டுச் சிரித்தது. உள்ளே ஒரு பானை, சங்கிலியில் கட்டிய டம்ளர். ஊர் வழக்கப்படி முதல் நாள் மோர், மறுநாள் தண்ணீர், அதற்கப்புறம் பானையைக் காணோம். பந்தல் மட்டும் அசையாமல் நின்றது. நத்தைகளும் முள்ளெலிகளும் அதன் நிழலில் நிம்மதியாக நடந்தார்கள்.

பானையே இல்லாமல் பந்தல் எதற்கு, எடுத்தால் என்ன என்று கரடியார் ஒருநாள் முனகினார். பன்றியார் செல்போனை வெளியே எடுத்தார்.

"தாராளமா கழட்டுங்க சார். ராஜா படத்துல கை வைக்கிறப்ப சொல்லுங்க, நான் ஒரு போட்டோ எடுத்துக்கறேன்."

கரடியார் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

மழைக்கு முன்னால் தேர்தல் வந்தது. சிங்கம் தோற்றுச் சிறுத்தை ஜெயித்தது. முடிவு தெரிந்த மறுநாள் விடிந்ததும் விடியாததுமாகக் கரடியார் கடப்பாரையோடும் பன்றியார் கயிற்றோடும் கிளம்பினார்கள். வானம் வேறு இருட்டிக்கொண்டு நின்றது. பந்தல் இன்று போனால் குஞ்சுகளும் போச்சு.

கடப்பாரையை ஓங்கிய கரடியார் அப்படியே நின்றுவிட்டார். முகப்பில் சிறுத்தை கும்பிட்டுச் சிரித்தது. பசை இன்னும் காயவில்லை. பந்தல் காலில் சாய்ந்து நின்ற செங்கமலத்தின் முன்கால்களிலும் அதே பசை.

"வாங்கண்ணே, நீங்களும் ராஜாவை வாழ்த்தத்தான் வந்தீங்களா?" என்றாள் அவள்.

கரடியார் கடப்பாரையை மெல்லக் கீழே வைத்தார். பன்றியார் ஓடிப்போய்க் கடையிலிருந்து தேங்காய் எடுத்து வந்தார். பெரிய கல் எதுவும் அகப்படாததால் அந்தக் கடப்பாரை மேலேயே உடைத்துவிட்டு, கொண்டுவந்த கயிற்றால் பந்தல் காலை இன்னும் இறுக்கிக் கட்டினார்.

அன்று மதியம் மழை கொட்டியது. மணல்மேட்டிலிருந்து குஞ்சுகள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கி வந்தன. பாதிச் சாலையைப் பந்தலுக்கடியில் கடந்தன. மீதிப் பாதியில் வண்டிகள் வழக்கம்போல் நெருக்கியடித்து நகர முடியாமல் நின்றதால், சக்கரங்களுக்கு இடையே புகுந்து குளத்துக்கு வந்து சேர்ந்தன. செங்கமலத்துக்குச் சந்தோஷத்தில் நெஞ்சு வலித்தது. கரடியார் வண்டிக் கண்ணாடியை இறக்கிவிட்டு, பக்கத்து வண்டிக்காரரிடம் பெருமையாகச் சொன்னார்: "பாத்தீங்களா, சிறுத்தை ராஜா வந்த மறுநாளே குழந்தைகளுக்கு வழி பிறந்திருக்கு. இந்தத் திட்டத்துக்காக எங்க சங்கம் எவ்வளவு போராடுச்சு தெரியுமா?"

நீதி: பாதி வழி கேட்டு நியாயம் பேசுகிறவன் நடுரோட்டில் நசுங்குவான், பந்தல் போடுகிறவன் பிழைப்பான். பசை வாளியும் வைத்திருப்பவன் எந்த ஆட்சியிலும் பிழைப்பான்.