மலருக்குப் பின்னால் சீட்டுக்கட்டு

இதை எனக்கு முதலில் சொன்னவர் பேட்ரிசியா. என்னோடு ஒரே பள்ளியில் கணக்கு நடத்தியவர், தென்னூர்வாசி. ஸ்ரீரங்கத்திலிருந்து திருச்சி சத்திரம் பேருந்து நிலையம் செல்லும் பஸ்ஸில், காவிரிப் பாலம் முடிவதற்குள் சொல்லி முடித்தார். சிரித்த சிரிப்பில் நான் டிக்கெட்டைத் தொலைத்தேன்.

அவர் கணவர் அமிர்தராஜ், ஓய்வுபெற்ற அதிகாரி. ஓய்வு பெற்ற அன்றே, இனி வீட்டில் வெங்காயம் உரிப்பது தம் பொறுப்பு என்று உறவினர் அனைவர் முன்னிலையிலும் முழங்கினார். மறுவாரமே மாதா கோயில் திருவிழா மலரைத் தொகுக்கும் பொறுப்பையும் ஏற்றார். அதன்பின் வெங்காயம் அவர் முகத்தைக் கண்டதில்லை. கணினியின் முன் அமர்ந்தால் எழமாட்டார். இலக்கியத் தொண்டு என்று எண்ணிவிடாதீர்கள், சீட்டாட்டம். மனைவியின் செருப்போசை கேட்டதும் இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்துவார். சீட்டு மறையும், மலர் விரியும்.

“ஏங்க, வெங்காயம்?”

“மலர் வேலை கழுத்தை நெரிக்குது பேட்ரிசியா. இன்னிக்கு நீயே பாத்துக்கயேன்.”

பேட்ரிசியாவே பார்த்துக்கொண்டார். அதனால் அவர் பாடிவந்த கோயில் பாடகர் குழுவின் பயிற்சிகள் தவறின. ‘இந்தச் சனிக்கிழமையும் வராவிட்டால் தனிப்பாட்டு வேறொருவருக்கு’ என்று குழுத்தலைவர் சொல்லிவிட்டார். ஞாயிறன்றோ தங்கை குடும்பம் பிரியாணிக்கு வருகிறது; வெங்காயத்தைச் சனிக்கிழமையே உரித்தாக வேண்டும்.

பேட்ரிசியா திரையில் தெரிந்த மலரை உற்றுப் பார்த்தார். ஒரு வாரமாக அதே வாழ்த்துரை, அதே அரைகுறை வரி. சென்னையிலிருக்கும் மகள் ஆன்சியைத் தொலைபேசியில் அழைத்து, கதவிடுக்கில் கண்ட சீட்டாட்டம் தாம் உள்ளே வந்ததும் மலராக மாறுவது எப்படி என்று கேட்டார்.

“அது ஒண்ணுமில்லம்மா. ரெண்டு கீயைச் சேத்து அழுத்தினா, சீட்டுக்கு முன்ன கடைசியா எந்த விண்டோ திறந்திருந்துச்சோ, அதுதான் மேல வரும்.”

சனிக்கிழமை அமிர்தராஜ் முகச்சவரத்துக்கு எழுந்தார். பேட்ரிசியா புதுப் பக்கமொன்றைத் திறந்து, பெரிய எழுத்தில் ஏதோ தட்டி, அதன்மேல் சீட்டாட்டத்தைப் பழையபடி எடுத்து வைத்தார். பிறகு, அவர் வந்து ஆட்டத்தில் ஆழ்ந்ததும், செருப்பைத் தேய்த்துத் தேய்த்து நடந்து வந்தார்.

அமிர்தராஜ் விசைகளை அழுத்தினார். திரையைத் திரும்பியும் பாராமல் நாற்காலியைச் சுழற்றி மனைவியை நோக்கினார்.

“வேலை ஓடுதுங்களா?”

“வாழ்த்துரையில மூழ்கிக் கிடக்கேன். பாத்தா தெரியல?”

“கொஞ்சம் சத்தமா வாசிங்களேன், கேப்போம்.”

கண்ணாடியை மாட்டி, தொண்டையைச் செருமி, பூசையில் வாசகம் படிப்பவரின் கம்பீரத்தோடு தொடங்கினார்:

“அன்புள்ள அமிர்தராஜ் அவர்களே, சீட்டுக்கட்டை மூடவும். அடுப்படியில் வெங்காயம்...”

கம்பீரம் பாதி வழியில் இறங்கிக்கொண்டது.

“ஏன் நிறுத்திட்டீங்க? நல்லாத்தானே இருக்கு! மலர்ல மொத பக்கத்துல போடுங்க. நான் பாட்டுக்குப் போயிட்டு வரேன்.”

அன்று பேட்ரிசியாவின் தனிப்பாட்டு பேட்ரிசியாவுக்கே உறுதியாயிற்று. அமிர்தராஜ் கண்ணீர் பெருகத் திருப்பிச் செலுத்திய நிலுவை: சின்ன வெங்காயம், இரண்டே கால் கிலோ.