தங்கள் காரில் முந்நூறு குஞ்சுகள்

பெருமதிப்பிற்குரிய அத்தான் அவர்களுக்கு, தங்கள் மைத்துனன் பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம். தங்கள் காரும் நலம் என்றே சொல்லலாம். அங்கே தங்கள் முழங்கால் வலி தணிந்து, போன காரியமும் கைகூடி, தாங்கள் சிரித்த முகத்தோடு இருக்கும் நேரமாகப் பார்த்து இக்கடிதம் வந்து சேர வேண்டும். முகம் அப்படி இல்லையென்றால் மடித்து வைத்துவிட்டு, சாப்பிட்டபின் படிக்கவும்.

தாங்கள் புறப்பட்ட மறுநாளே நம் குஞ்சுப் பொரிப்பகத்தின் வேன் கியர் விழாமல் படுத்துவிட்டது. ஒருநாள் குஞ்சுகள் முந்நூறு, ஆறு பெட்டிகளில் தயார். "உங்க அத்தான் காரு சும்மாதானே நிக்குது, பின் சீட்ட மடிச்சிட்டு ஏத்து, அவருகிட்ட நான் சொல்லிக்கறேன்" என்றாள் அக்கா. அவள் சொல்லியிருக்க மாட்டாள் என்பதால் நானே சொல்லிவிடுகிறேன்: ஏற்றினேன். போர்வை விரித்துத்தான் ஏற்றினேன். ஹீட்டரை இருபத்தாறில் வைத்துவிட்டு, மலைமேல் இருக்கும் பண்ணைக்கு மலைப்பாதையில் போனேன். வெளியே பனிமழை, உள்ளே குஞ்சுகளின் முணுமுணுப்பு, எல்லாம் சுகம். மூன்றாவது வளைவில் முணுமுணுப்பு மாறியது. குஞ்சு கதகதப்பாக இருந்தால் தனக்குள் பேசிக்கொள்ளும், குளிர்ந்தால் ஊரைக் கூட்டும் என்பது எனக்குச் சொல்லிக்கொடுத்ததே தாங்கள்தான். முந்நூறும் ஊரைக் கூட்டின. ஊதும் துவாரத்தில் கை வைத்தேன், ஐஸ் காற்று. திரையைப் பார்த்தால் உள்ளே அறுபத்தோரு டிகிரி என்கிறது! அறுபத்தொன்றில் நான் வெந்திருக்க வேண்டும், ஆனால் என் பல் கிட்டித்துக்கொண்டிருந்தது. குமிழை முப்பத்திரண்டுக்குத் திருகினேன், அதற்குமேல் அது திரும்பாது. அறுபத்தொன்றை முப்பத்திரண்டாக இறக்குகிறேன் பார் என்று கார் இன்னும் மும்முரமாகக் குளிரை ஊதியது. திரும்பிப் பார்த்தேன் அத்தான், பெட்டியின் மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி மலையாகக் குவிந்து கிடந்தன. அடியில் இருப்பது மூச்சுமுட்டிச் செத்துவிடுமே! சட்டையைக் கழற்றி ஒரு பெட்டிமேல் போட்டேன், மீதி ஐந்துக்கு என்னிடம் சட்டை இல்லை.

அடுத்த வளைவில் ஒரு டயர்க்கடை. பனியனோடு ஓடிவந்த என்னைப் பார்த்து அந்தக் கடைக்காரம்மா முதலில் இரும்புக் கம்பியைத்தான் கையில் எடுத்தது. குஞ்சுச் சத்தம் கேட்டபின்தான் கம்பியைக் கீழே வைத்தது. போனட்டைத் திறந்து, ஹீட்டருக்குப் போகிற இரண்டு ரப்பர் குழாய்களையும் தொட்டுப் பார்த்தது. "ரெண்டும் கொதிக்குது. சூட்டுக்குக் குறைச்சல் இல்லண்ணே, உள்ள விடமாட்டேங்குது. யாரோ பொய் சொல்றாங்க." ஸ்டியரிங் பக்கத்தில் சின்னதாக ஒரு சல்லடை மூடி இருக்கிறதே, அதை நெம்பி, அதற்குள்ளிருந்து மிளகளவு மணி ஒன்றை ஒயரோடு வெளியே இழுத்தது. (மூடியில் விழுந்திருக்கும் கீறல் அப்போது விழுந்ததுதான்.) "இதான் சென்சாரு. உள்ள எவ்வளவு சூடுன்னு வண்டிக்குச் சொல்ற ஆளு." அதைக் கழற்றி மீட்டரில் மாட்டி, குளிர்ந்த தண்ணீரில் முக்கியது, பிறகு தன் டீ கிளாஸில் ஒட்டவைத்தது. "இது தலைகீழாத்தான் காட்டும், குளுந்த தண்ணியில எண்ணு ஏறணும், சூடான டீயில எறங்கணும். அசையுதா பாருங்க." அசையவில்லை. "பொணத்துக்கு நாடி பிடிச்சா இப்படித்தான் இருக்கும்." எனக்குப் பிணம் என்ற வார்த்தையே ஆகவில்லை. "புதுசு இருக்காம்மா?" "டயர்க்கடையில சென்சாருக்கு எங்கண்ணே போறது? இத மாட்டாமலே விட்டுருவோம். சொல்ற ஆளே இல்லன்னா வண்டி பயந்துக்கும்." ஒயர் சும்மா தொங்கியது. திரையில் மைனஸ் நாற்பது! உடனே அனல் காற்று பாய்ந்தது பாருங்கள், நான் அழுதேவிட்டேன். "இனிமே இது நிறுத்தாம ஊதும், கண்ணாடிய ஏத்தி எறக்கித்தான் சரிபண்ணணும். திரை சொல்றத விடுங்க, குஞ்சு சொல்றதக் கேளுங்க."

அப்படியே ரெண்டு மணி நேரம் ஓட்டினேன் அத்தான். கத்தினால் கண்ணாடியை ஏற்றுவேன், வியர்த்தால் இறக்குவேன், வலக்காதில் பனி, இடக்காதில் குஞ்சு. ஒரு ஏற்றத்தில் திடீரென்று சத்தமே இல்லை. குளிரில் கத்துகிறவை சூட்டில் வாயைப் பிளந்து சும்மா கிடந்துவிடும். வண்டியை ஓரங்கட்டி, நாலு கதவையும் விரியத் திறந்துவிட்டு, பனிமழையில் நின்று பெட்டியில் காதை வைத்தேன். ஒன்று முனகியது. அப்புறம் இன்னொன்று. அதுவரை நான் மூச்சு விட்டேனா என்று ஞாபகமில்லை.

பண்ணைக்காரம்மா விளக்குச் சூட்டில் எல்லாவற்றையும் இறக்கி எண்ணியது. துவண்டு கிடந்தவை நான்கு, அவற்றில் மூன்று எழுந்து தண்ணீர் குடித்தன. ஒன்று எழவில்லை. அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். எடை என்று சொல்ல அதில் ஒன்றும் இல்லை. மற்ற இருநூற்றுத் தொண்ணூற்றொன்பதும் நான் இதை எழுதும்போது தமக்குள் பேசிக்கொண்டிருக்கின்றன.

இங்கே டவர் இல்லை, இருந்தாலும் போனில் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. பால் வண்டிக்காரர் தாங்கள் தங்கியிருக்கும் ஊருக்கே வருகிறார், சாயங்காலத்துக்குள் கையில் சேர்ப்பார். குஞ்சுப் பெட்டிகளில் போட்ட மரத்தூளின் வாசம் காரிலிருந்து நாலைந்து நாளில் போய்விடும். தங்கள் முழங்காலுக்கும் கோபத்துக்கும் கடவுள் நல்ல ஓய்வு கொடுக்கட்டும். அக்காவைத் திட்ட வேண்டாம், அதற்கும் சேர்த்து என்னையே திட்டவும்.

இப்படிக்கு,
தங்கள் நிழலில் வாழும் மைத்துனன்

பின்குறிப்பு: பண்ணைக்காரம்மா இப்போதுதான் பெட்டியில் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தது. "எங்களுக்கு அடுத்த மாசந்தானேண்ணே, முன்னாடியே அனுப்பிட்டீங்கன்னு நெனச்சேன். இதுல வேற பேருல்ல போட்டிருக்கு?" போன தடவை இங்கே கொண்டுவந்ததால் இந்தத் தடவையும் இங்கேதான் என்று நான் சீட்டையே பார்க்கவில்லை. அந்தப் பேர், நம் பொரிப்பகத்துக்குப் பின் தெருவில் இருக்கும் பண்ணையின் பேர். நடந்தே போய்க் கொடுத்திருக்கலாம், ஐந்து நிமிடம். நாளைக் காலை எல்லாவற்றையும் மறுபடி தங்கள் காரில் ஏற்றுகிறேன். அந்தப் பண்ணைக்காரர் கூப்பிட்டால், வண்டி வந்துகொண்டிருக்கிறது என்று மட்டும் சொல்லவும். எந்தப் பக்கத்திலிருந்து என்று சொல்ல வேண்டாம்.